சமையல் மேடையில் பூனை ஏறுகிறதா? முதலில் மணியைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுக்கு ஒரு டெரஸ் வீடு (வரிசை வீடு), அதில் மூன்று பூனைகள். மூன்றும் பின்சந்தில் கிடைத்தவை. மூன்றுக்கும் இந்த ஊர்ப் பூனைகளுக்கே உரிய முடிச்சு விழுந்த குட்டை வால். சமையல் மேடையில் ஏறும் பழக்கமும் மூன்றுக்கும் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் ஏறியது வேறு வேறு காரணத்துக்காக. அப்புறம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இருக்கும் தம்பி வீடு, பக்கத்து வீட்டு அத்தை, பட்டர்வொர்த் சித்தி என்று இதே பிரச்சினையை ஏழெட்டு வீடுகளில் பார்த்துவிட்டேன். தம்பி போன் செய்தால் "அக்கா, மறுபடியும் ஏறிட்டான்" என்றுதான் ஆரம்பிப்பான். நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை மணிக்கு?"

மணி தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி. கீழே உள்ளவற்றை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் பூனை எந்த அறிகுறியில் வருகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

ஆரம்பிக்கும் முன்: இரண்டு நாள் சும்மா கவனியுங்கள்

பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். பூனை ஏறும்போதெல்லாம் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, மேடையில் அப்போது என்ன இருந்தது, ஏறியதும் முதலில் என்ன செய்தது. மோந்ததா, நக்கியதா, குழாய்ப் பக்கம் போனதா, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்ததா, நீட்டிப் படுத்ததா, மூலையில் ஒடுங்கியதா? மூன்றாவதைத்தான் எல்லாரும் எழுத மறக்கிறார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

யாரும் இல்லாத நேரத்தில் ஏறினால், பழைய கைப்பேசியைத் தட்டு ராக்கில் சாய்த்து வைத்து வீடியோ எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் அரிசி மாவு இருக்கவே இருக்கிறது. இரவு படுக்கப் போகும் முன் கோலத்துக்குத் தூவுவது போல மேடையில் மெல்லிசாகத் தூவிவிடுங்கள். சாயம் கலந்த வண்ணக் கோலமாவு வேண்டாம், பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். காலடித் தடம் அடுப்புக்குப் போகிறதா, சிங்குக்கா, ஜன்னலுக்கா என்று காலையில் தெரிந்துவிடும். எழுந்ததும் முதல் வேலையாகத் துடைத்துவிடுங்கள். நம் ஊர் எறும்புகளுக்கு நான் விருந்து வைத்ததாக இருக்க வேண்டாம்.

அடுப்பை மட்டும் இன்றே கவனியுங்கள்

கவனித்துக்கொண்டிருக்கும் இரண்டு நாளிலும் இது ஆபத்து என்பதால் முதலிலேயே சொல்கிறேன். அணைத்த பிறகும் அடுப்பின் கம்பித் தாங்கியும் கண்ணாடித் தட்டும் வெகுநேரம் சூடாகவே இருக்கும். சமைத்த கையோடு அகலமான காலிப் பாத்திரம் ஒன்றை அதன் மேல் வைத்துவிடுங்கள். தொட்டால் இயங்கும் மின் அடுப்பு வைத்திருப்பவர்கள் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிட வேண்டும். விரலுக்கும் பூனைப் பாதத்துக்கும் அந்த அடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. தம்பி வீட்டில் ஒரு நாள் அடுப்பு தானாக எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, மேலே காலிப் பாத்திரம்தான் இருந்தது.

பாதம் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் காட்டிவிட்டு, நேரே மருத்துவரிடம் போங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

அறிகுறி 1: சமைக்கும்போது, அல்லது சமைத்த கையோடு ஏறுகிறது

நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

*மேடையில் ஏதோ கிடைக்கிறது*

கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் போதாது. கெம்போங் மீன் அலசியபோது டைல்ஸில் தெறித்த தண்ணீர், இக்கான் பிலிஸ் (நெத்திலி) தலை கிள்ளிய இடம், கோழி வெட்டிய பலகை, அடுப்புத் தாங்கிக்கு அடியில் காய்ந்துபோன எண்ணெய் எல்லாம் பூனைக்குத் தெரியும். ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் அந்த வாசனை போகாது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு தடவை துடையுங்கள். உறைந்த மீனை மேடையில் வைத்து இளக விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும். குப்பைக் கூடைக்கு மிதித்துத் திறக்கும் மூடி, குழம்புச் சட்டிக்குக் கனமான மூடி.

சட்டிக்கு மூடி கட்டாயம் என்று சொல்வது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் அந்தக் கெடுதல் போகாது. நம் குழம்பிலும் சம்பாலிலும் இரண்டும் இல்லாத நாள் எது? சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், அது கூர்மையாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

மூன்று நாள் முழுச் சுத்தமாக வைத்தும் ஏறுகிறதா? அடுத்ததைப் பாருங்கள்.

*யாரோ கொடுக்கிறார்கள்*

எங்கள் வீட்டில் மிட்டாய் என்று ஒரு பூனை நான்கு மாதம் என்னைத் தோற்கடித்தது. மேடையைத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் தேய்ந்தது. ஒரு நாள் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். மாமியார் மேடைப் பக்கத்தில் நின்று நெத்திலித் தலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, ஒவ்வொன்றாக அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாவம்மா, ஒரே ஒரு தலைதான்" என்றார். அதுவரைக்கும் கொடுத்தது பதினைந்தாவது இருக்கும்.

தினமும் கொடுத்தால்கூட நிறுத்துவது சுலபம். எப்போதாவது கொடுப்பதுதான் பெரிய தொல்லை. நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் ஏன் விடுவதில்லை? என்றைக்காவது அடிக்கிறதே, அதனால்தான். பூனையும் அதே கணக்கில் தினமும் ஏறிப் பார்க்கும்.

"இனிமேல் கொடுக்காதீங்க" என்று மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. அப்புறம் கொடுக்கும் இடத்தை மாற்றினேன். பின்கதவுப் பக்கத்தில் ஒரு சின்ன மிதியடி. "அத்தை, இந்த மிதியடியில் போட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும், நீங்களும் பார்க்கலாம்" என்றேன். அவருக்கும் பிடித்துவிட்டது. கருவாட்டு நெத்திலியில் உப்பு அதிகம் என்பதால் ஊறவைத்துக் கழுவி, நாளுக்கு இரண்டு தலை என்று பேசி முடித்தோம். முதல் நான்கைந்து நாள் மிட்டாய் முன்பைவிட அதிகமாக ஏறியது, கத்தியது, என் காலைச் சுற்றியது. அந்த நாட்களில் ஒரே ஒரு தலை மேடையில் கிடைத்திருந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வாரம் நான் மீன் வெட்ட ஆரம்பித்ததும் அதுவே போய் மிதியடியில் உட்கார்ந்தது.

வீட்டில் வேலைக்கு வருகிறவர், பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லாரையும் கேளுங்கள். எல்லாரும் "நான் இல்லை" என்பார்கள். கைப்பேசி வீடியோ பொய் சொல்லாது.

*பசி*

நீங்கள் அடுப்பைப் பற்றவைப்பதற்குக் கால் மணி நேரம் முன் அதற்குச் சாப்பாடு வையுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று பெரிதாக இரண்டு வேளை வைக்கும் வீடுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். பூனை கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடும் பிராணி. மொத்த அளவைக் கூட்டாமல் அதையே நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைத்தால், பாதத்தால் தோண்டித் தோண்டி எடுத்துச் சாப்பிட அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் உங்கள் தாளிப்பு முடிந்துவிடும். பகலெல்லாம் வீட்டில் ஆள் இல்லையென்றால், மணி வைத்துக் கொட்டும் தானியங்கிச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கலாம்.

*சாப்பாடு வேண்டாம், நீங்கள்தான் வேண்டும்*

ஏறியதும் எதையும் மோக்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? நீங்கள் "ச்சீ, இறங்கு" என்று தூக்கி இறக்குவதே அதற்கு விளையாட்டு. மேடையிலிருந்து இரண்டடி தள்ளி உயரமான ஸ்டூல் ஒன்றைப் போடுங்கள். அதில் உட்கார்ந்தால் ஒரு துளி தீனி, ஒரு தடவல், நாலு வார்த்தை. மேடையில் இருந்தால் பேச்சே கிடையாது, கண்ணைக்கூடப் பார்க்காமல் இறக்கிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் ஸ்டூலே போதும், அடியில் வழுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்*

நிறையச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். குட்டியாக இருந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். பத்து வயதைத் தாண்டியதென்றால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் எடை பார்ப்பது சுலபம்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை எழுதி வைத்தால் மருத்துவருக்கும் வேலை குறையும்.

அறிகுறி 2: நேராக சிங்குக்கும் குழாய்க்கும் போகிறது

*குழாயை நக்குகிறது, சொட்டுக்குக் காத்திருக்கிறது*

சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள். ஊறப்போட்ட பாத்திரத்தை இரவில் சிங்கில் விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு அறையில், மீசை இடிக்காத அகலமான பீங்கான் கிண்ணத்தில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். இந்த ஊர்ச் சூட்டில் காலை வைத்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும், அதனால் நான் இரண்டு தடவை மாற்றுவேன். ஓடும் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பூனைக்குச் சின்ன மின் நீரூற்றுக் கிண்ணம் கிடைக்கிறது. வாங்கினால் வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வழுவழுவென்று பாசி பிடிக்கும்.

திடீரென்று தாகம் கூடியிருந்தால் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்தால் போதும். 4 கிலோ பூனை ஒரு நாளில் 200 மில்லிக்கு மேல் குடிக்கிறது என்றால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

*சிங்குக்குள்ளேயே சுருண்டு படுக்கிறது*

சூடு. அறிகுறி 5க்குப் போங்கள்.

*சிங்கில் சிறுநீர் கழிக்கிறது*

இதற்குத் திட்டாதீர்கள். முதலில் மணல் தட்டைப் பாருங்கள். அழுக்காக இருக்கிறதா, மணல் மாறியதா, வாஷிங் மெஷின் அதிரும் இடத்தில் இருக்கிறதா? தட்டு சரியாக இருந்தும் சிங்கில் போகிறதென்றால் சிறுநீர்ப்பை எரிச்சலாக இருக்கலாம். வலி இருக்கும் பூனை வழுவழுப்பான, குளிர்ந்த இடத்தைத் தேடும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றுமே வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது, அன்று இரவே 24 மணி நேர கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

அறிகுறி 3: விடியற்காலை ஏறி, பொருளைத் தள்ளிவிடுகிறது

விடியும் நேரமும் அந்தி நேரமும் பூனைக்கு வேட்டை நேரம். மைலோ டின்னைத் தள்ளினால் சத்தம் வருகிறது, சத்தம் வந்தால் நீங்கள் எழுந்து வருகிறீர்கள், வந்தால் சாப்பாடு கிடைக்கிறது. அலாரம் வைத்தது யார் என்று யோசியுங்கள்.

படுப்பதற்கு முன் கயிறோ இறகோ கட்டிய குச்சியால் பத்துப் பதினைந்து நிமிடம் மூச்சு வாங்க விளையாட விட்டு, உடனே அன்றைய கடைசிப் பங்குச் சாப்பாட்டை வையுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்று அதன் வரிசையிலேயே போய்விடும். மேடையில் தள்ளக்கூடிய எதையும் வைக்காதீர்கள். சத்தம் கேட்டாலும் எழுந்து போகாதீர்கள். எழுந்த பிறகும் நேரே அதன் தட்டுக்குப் போகாமல், முகம் கழுவி, தேத்தண்ணீர் போட்டு, அப்புறம் வையுங்கள்.

டெரஸ் வீட்டுக்காரர்களுக்கு எளிது, சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிடலாம். தம்பியின் காண்டோவில் (அடுக்குமாடி வீடு) சமையலறைக்குக் கதவே இல்லை, வரவேற்பறையோடு ஒட்டியது. அவனுக்கு 5 மணிக்குக் கொட்டும் தானியங்கிப் பெட்டிதான் கைகொடுத்தது. பூனை இப்போது அவன் படுக்கையறைக் கதவை விட்டுவிட்டு அந்தப் பெட்டியின் முன்னால் தவம் கிடக்கிறது. நகர்த்துக் கதவு போட்டுத் தடுக்கவும் விலை கேட்டான். கேட்டதோடு சரி.

வயதான பூனை இரவெல்லாம் காரணமில்லாமல் கத்திக்கொண்டே அலைகிறது என்றால் அது விளையாட்டு இல்லை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 4: ஏறி, மேலே சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது

பல்லி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மேடைக்கு மேல் குழல்விளக்கு எரியும், விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்குப் பூனை வரும். எங்கள் இரண்டாவது பூனை புகை உறிஞ்சியின் மேல் ஏறி, அதன் கிரீஸை எல்லாம் வயிற்றில் பூசிக்கொண்டு வந்தது இதனால்தான்.

வேலை முடிந்ததும் சமையல்கட்டு விளக்கை அணையுங்கள். வெள்ளை விளக்கை மஞ்சள் விளக்காக மாற்றினால் பூச்சி குறையும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தைச் சிலிக்கான் பூசி அடையுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

பூச்சி மருந்து டின்னைக் கையில் எடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், அதை உடைத்து வெளியேற்ற அதன் ஈரலால் முடியாது. நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. பசை அட்டை வைத்தால் முதலில் ஒட்டுவது பூனைதான். ஒட்டிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், சமையல் எண்ணெயைத் தேய்த்து மெல்லக் கழற்றி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மேலே பார்க்காமல் பிரிட்ஜுக்குப் பின்னாலோ அலமாரிக்கு அடியிலோ மோந்துகொண்டு நின்றால் எலி. புழுக்கை தெரிந்தால் சொந்தமாக விஷம் வைக்காதீர்கள், விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் போய்விடும். பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிட்டு, முதல் வார்த்தையிலேயே "வீட்டில் பூனை இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

அறிகுறி 5: மத்தியானம் ஏறி, நீட்டிப் படுக்கிறது

வெளியே 33 டிகிரி. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் உங்கள் கிரானைட் மேடையும் எவர்சில்வர் சிங்கும். நானாக இருந்தாலும் படுப்பேன்.

வீடு கட்டியபோது மிஞ்சிய பெரிய டைல்ஸ் ஒன்றைக் காற்றாடிக்கு நேர் கீழே தரையில் போடுங்கள். அதைவிட உயரம் பிடிக்கும் பூனையென்றால் கனமான நாற்காலியின் மேல் வையுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு காசும் ஆகவில்லை. இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம்.

நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, தள்ளாடினால் ஈரத்துணியால் துடைத்து, காற்றாடி போட்டு, உடனே மருத்துவரிடம்.

அறிகுறி 6: ஜன்னலுக்காக ஏறுகிறது

சிங்குக்கு மேல் ஜன்னல் வைத்துக் கட்டிய வீடு, வெளியே மைனா. பூனைக்கு அது தொலைக்காட்சி. வேறு ஜன்னலில் அதே மாதிரிக் காட்சி கிடைக்க வேண்டும், இடமும் மேடையைவிட உயரமாக இருக்க வேண்டும். மேடை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். அதற்குக் கீழான இடத்தை அது ஏற்றுக்கொள்ளாது. பழைய புத்தக அலமாரியின் தலையைக் காலிசெய்து ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்துவிட்டு, அப்புறம் பூனை மரம் வாங்க யோசியுங்கள். விலை கூடிய மரத்தை விட்டுவிட்டு அது வந்த அட்டைப்பெட்டியில் படுத்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். மேடைப் பக்க ஜன்னலின் கீழ்ப்பாதியில் மங்கலான ஸ்டிக்கர் ஒட்டினால் காட்சி மறைந்துவிடும்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். கம்பியோ வலையோ இல்லாத ஜன்னல் பக்கம் பூனையை இழுத்துவிடாதீர்கள். பறவையைப் பார்த்துத் தாவும்போது உயரம் அதன் நினைவில் இருக்காது. காண்டோவில் வலை அடிக்கும் முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், வெளித்தோற்றம் மாறக் கூடாது என்று சில இடங்களில் சொல்வார்கள்.

அறிகுறி 7: பாய்ந்து ஏறி, மூலையில் ஒடுங்குகிறது

யாரைப் பார்த்து ஓடியது என்று பாருங்கள். நாய், தவழும் குழந்தை, இன்னொரு பூனை. இடி, வெடி என்றால் அது தற்காலிகம். தீபாவளியை விடுங்கள், பினாங்கில் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு ஹொக்கியன் சீனர்கள் ஒன்பதாம் நாள் வழிபாட்டுக்கு வெடிக்கும் வெடியில் எங்கள் மூன்றும் அலமாரியின் தலையில்தான் குடியிருக்கும். அன்றைக்கு இறக்காதீர்கள். சாயங்காலமே ஓர் அறையில் துணி விரித்த அட்டைப்பெட்டியோடு விட்டுச் சாத்துவது நல்லது.

இன்னொரு பூனைக்குப் பயந்து ஏறினால், அந்த இன்னொன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் வாசற்படியிலோ மணல் தட்டுக்குப் போகும் வழியிலோ சும்மா உட்கார்ந்திருக்கும். சண்டையே தெரியாது, ஆனால் வழிமறிப்பு. கிண்ணங்களை வேறு வேறு அறைக்குப் பிரியுங்கள். மணல் தட்டு, பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட. பயப்படும் பூனைக்கு மேடை அல்லாத வேறு உயரம் ஒன்று. இரண்டு வாரத்தில் தணியாவிட்டால், காயம் வந்தால், கால்நடை மருத்துவரிடம் பேசி இரண்டையும் பிரித்து வைத்து மறுபடி பழக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கு வேலை அது.

அறிகுறி 8: நான் இருந்தால் ஏறுவதில்லை, போனதும் ஏறுகிறது

தண்ணீர்ப் பீச்சுக்குப்பி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அது பாடம் படித்துவிட்டது. என்ன பாடம் என்றால், நீங்கள் இருக்கும்போது ஏறக் கூடாது என்பது. குப்பியைச் செடிக்குப் பயன்படுத்துங்கள். கைதட்டல், கத்தல், செய்தித்தாள் சுருட்டல் எல்லாம் அதே கதை.

நீங்கள் இல்லாதபோதும் மேடையே "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். முதலில் அலுமினியத் தாளை விரித்துப் பாருங்கள். சில பூனை அந்தச் சரசரப்பில் ஒரே நாளில் விட்டுவிடும், சில அதன்மேல் படுத்துத் தூங்கும். அடுத்தது இருபக்க ஒட்டு நாடா. கிரானைட்டில் நேரே ஒட்டாதீர்கள், கறை உரிக்க நாள் கணக்காகும். சாப்பாட்டு மேசை விரிப்பு அல்லது அட்டைத் துண்டுகளில் ஒட்டி, பூனை கால் வைக்கும் ஓரத்தில் அடுக்குங்கள். சமைக்கும்போது அப்படியே எடுத்துவிடலாம். அடியில் முள் முள்ளாக இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பைத் திருப்பிப் போடுவதும் வேலை செய்யும். மூன்று நான்கு வாரம் வைத்து, ஒவ்வொரு துண்டாக எடுங்கள். அசைவு தெரிந்தால் காற்றை மட்டும் பீச்சும் கருவியும் இருக்கிறது. பயந்த சுபாவப் பூனைக்கு அதை வைக்காதீர்கள், சமையல்கட்டுப் பக்கமே வராது, தண்ணீர்க் கிண்ணம் அங்கே இருந்தால் அதற்கும் வராது.

இதெல்லாம் மேலே உள்ள ஏதாவது ஒரு காரணத்தைச் சரிசெய்த பிறகுதான். பசியோடு இருக்கும் பூனை நாடாவைத் தாண்டிக் குதிக்கக் கற்றுக்கொள்ளும்.

வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியங்களில் இவை கூடாது: பாச்சை உருண்டை, தைலம், கற்பூரம், தேயிலை மர எண்ணெய், எலுமிச்சை எண்ணெய், தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினி. பாதத்தில் ஒட்டி, நக்கி, உள்ளே போனால் விஷம். மிளகாய்ப்பொடி தூவினால் கண்ணில் போகும், அது கொடுமை. எலுமிச்சைத் தோல் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் மரியாதை கொடுத்தது, மூன்றாம் நாள் தட்டி விளையாடியது.

அறிகுறி 9: ஏறுவது நம் பூனையே இல்லை

பின்சந்துப் பூனை. திறந்த பின்கதவு, மூடாத சட்டி. கதவுக்குக் கம்பிவலைச் சட்டம் போட்டால் காற்றும் வரும், பூனையும் வராது. அதே பூனை திரும்பத் திரும்ப வந்தால், கருத்தடை செய்துவிட யாராவது முன்வருகிறார்களா என்று சந்துக்காரர்களைக் கேளுங்கள்.

சுடுதண்ணீர் ஊற்றுவேன் என்று எங்கள் வரிசையில் ஒருவர் கிளம்பினார். விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2015ல் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்

தம்பி மனைவி முழுகாமல் இருந்தபோது அவன் மாமியார் வீட்டில் பூனையையே அனுப்பிவிடச் சொன்னார்கள். அனுப்ப வேண்டியதில்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில்தான் வருகிறது, வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும். அதனால் மணல் தட்டைத் தினமும் வேறு ஒருவர் சுத்தம் செய்ய வேண்டும், மேடையைச் சமைக்கும் முன் ஒரு தடவை சோப்புப் போட்டுத் துடைக்க வேண்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்கக் கூடாது. மீதியை அவர்கள் மகப்பேறு மருத்துவரே சொன்னார்.

எல்லாம் செய்தாயிற்று, ஆறு வாரமாகியும் ஏறுகிறது

தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். மணி மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் காரணமும் மாறியிருக்கிறது, வேறு அறிகுறிக்குப் போங்கள். மாறவில்லையென்றால் அறிகுறி 1ன் இரண்டாவது காரணத்தை இன்னொரு தடவை, கைப்பேசியோடு. அதுவும் இல்லையென்றால் தாளையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய் முதலில் உடம்பு, பிறகு பழக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு சிக்கலான கேஸ் என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. உங்கள் மருத்துவரே அனுப்புவார்.

எங்கள் மூன்றில் இரண்டு இப்போது மேடைக்கு வருவதில்லை. மூன்றாவது, மேடையை விட்டுவிட்டு பிரிட்ஜின் தலைக்குப் போய்விட்டது. மாமியார் அங்கே ஒரு பழைய துண்டை விரித்துக் கொடுத்திருக்கிறார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.